பேர வெட்டிருங்க, பாய்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை மறைக்கப்போவதில்லை. இன்று காலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா எனக்கு ஒரு செய்தி போட்டார்: 'ஆவணியில் லீவு சொல்லி வை. உன் நிச்சயத்தை முடித்துவிடுவோம்.' அதற்குக் கீழே சித்தப்பா ஒரு பூங்கொத்து. சித்தி ஒரு கேக். அம்மா, ஒரு கும்பிடு.

கும்பிடு என்றால் 'நல்லபடியாக நடக்கட்டும்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். 'போதும், ஆளை விடுங்க' என்றும் எடுத்துக்கொள்ளலாம். என் அம்மா எப்போதும் இரண்டு பக்கமும் திறக்கிற கதவு.

பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத்தைத் தேடித் தேடி அமுக்கினால் கோபம் ஆறிவிடும் என்று பயந்து, மைக்கை அமுக்கிப் பேச ஆரம்பித்தேன். போன் எழுதியது இது:

நான் சொல்லு தேன் எல்லாரும் கேளுங்க

'சொல்லுதேன்' என்றேன். அது தேன் ஊற்றிவிட்டது. வருகிறார்கள் என்பதற்கு 'வருதாவ' என்றேன், 'வருது அவ' என்றது. மாமா பெயர் அய்யாக்குட்டி. 'ஐயா குட்டி' என்று எழுதியது. இந்த போனைச் செய்த இடத்தில் எங்கள் பக்கத்து ஆள் ஒருத்தர்கூட இருந்திருக்க மாட்டார். ஆனால் செய்தி வாசிக்கிறவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து பேசினால் பிழையில்லாமல் எழுதுகிறது. ஆகவே செய்தி வாசிக்கிறேன். மனிதர்கள் பேசும் இடங்களை மட்டும் பிறகு விரலால் திருத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று. 'அழி' என்று சொன்னால் இது அழிக்காது. 'அழி' என்று எழுதும். கைவிட்ட வாக்கியங்கள் அப்படி அப்படியே கிடக்கும். கிடக்கட்டும். எங்கள் வீட்டிலும் யாரும் எதையும் அழித்ததில்லை, மேலே துணியைப் போட்டு மூடுவதோடு சரி.

2

தொடக்கம் ஒன்று: ஆனி மாதச் சாரலில் நனைந்தபடி தென்காசிக் கோபுரம் கம்பீரமாக [அழி. கோபுரம் இதில் ஒன்றும் செய்யவில்லை. அழி என்றால் அழி.]

தொடக்கம் இரண்டு: பெண் என்பவள் [அழி]

தொடக்கம் மூன்று: இசக்கிமணிக்கு ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

இசக்கிமணி யார் என்று வீட்டில் யாரும் கேட்க வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். 'நான்' என்று எழுதினால் முதல் வரியிலேயே மாமா குறுக்கே வருவார். 'இசக்கிமணி' என்று எழுதினால் கதையாயிற்றே என்று கொஞ்சம் பொறுப்பார். பெயரையும் மாற்றவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் இசக்கிமணி என்று ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். அந்தக் குழப்பம் இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

அவள் நர்சிங் படித்தவள். மொழித் தேர்வில் ஒருமுறை விழுந்து, மறுமுறை எழுந்தவள். அப்பா இல்லை. அம்மா முப்பிடாதி, ஆலங்குளத்தில் தன் அண்ணன் அய்யாக்குட்டி வீட்டை ஒட்டி இரண்டு அறையில் குடியிருக்கிறாள். விசா வந்த அன்று அம்மா கேட்ட ஒரே கேள்வி: "அங்கன போயி சட்னி எதுலட்டி அரைப்ப?"

இந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் எல்லாரும் மாமாவின் காரில் ஏறித் தென்காசிக்குப் போனார்கள். சாமான் வாங்கிவிட்டு அப்படியே குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டுவிட்டு வருவதாக ஏற்பாடு. சீசன் நன்றாக இருந்தது.

3

கடையின் பெயர் வேண்டாம். மாடிப்படி வரை மிக்ஸியும் கிரைண்டரும் அடுக்கியிருக்கும் கடை. மாமா உள்ளே நுழைந்ததுமே குரலை உயர்த்தினார்.

"ஏல தம்பி, நல்ல ரைஸ் குக்கரா எடுத்துப் போடு. எங்க பிள்ள பாரின் போறா."

"எந்த ஊருக்கு அண்ணாச்சி?"

"ஜப்பான்."

கடைப்பையன் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னான். "இந்த குக்கரே ஜப்பான் டெக்னாலஜிதான் அண்ணாச்சி."

"பாத்தியாட்டி?" என்றார் மாமா. "அவன் சாமான அவன் ஊருக்கே கொண்டு போற."

இசக்கிமணி மெதுவாகத்தான் சொன்னாள். "மாமா, அங்கன கரண்டு நூறு வோல்ட்டு. நம்ம மிக்ஸி, குக்கரு ஒண்ணும் அங்கன ஓடாது."

"வோல்ட்டுதான? அங்கன போயி எக்ஸ்ட்ரா கேட்டு வாங்கிக்கிடலாம்."

"வோல்ட்ட எப்படி மாமா கேட்டு வாங்க?"

"கேக்க விதமா கேட்டா தருவான். நீ வாய மூடு."

[இந்த இடத்தில் சிரிக்கலாம். நானும் அன்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இப்போது எரிச்சலாக இருக்கிறது.]

மிக்ஸி எடுத்தார்கள். குக்கர் எடுத்தார்கள். பிறகு மாமா நடந்து நடந்து பிரிட்ஜ் வரிசைக்குப் போய் நின்றார். இரண்டு கதவு வைத்தது. அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"இது எதுக்கு மாமா? பிளைட்டுல ஏத்தவா?"

"பெறவு வேண்டியிருக்கும்லா."

'பெறவு' என்ற சொல்லைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதலாம். பெரியவர்கள் ஏற்கெனவே முடித்துவிட்ட காரியத்துக்குத்தான் பெறவு என்று பெயர். படிப்பு பெறவு, பேச்சு பெறவு, உன்னைக் கேட்பது எல்லாவற்றுக்கும் பெறவு. அதற்குள் காரியம் நடந்து முடிந்து தாம்பூலப் பை கொடுத்தாகியிருக்கும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"செவப்பு வேண்டாம் அண்ணாச்சி. கண்ணக் குத்துது. நீலம் எடுங்க, ஹாலுக்குப் பொருத்தமா இருக்கும்."

எந்த ஹால்? இசக்கிமணி திரும்பினாள். பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள், செங்கோட்டையிலிருந்து வந்தவர். அவர் பக்கத்தில் கைபேசியைக் கையில் உருட்டிக்கொண்டு, சட்டை மடிப்பு கலையாமல் ஒருவன்.

"இதான் வேல்ராஜ்," என்றார் மாமா, அதையும் கடையில் எடுத்த இன்னொரு சாமான்போல. "அத்தைக்கு வணக்கம் சொல்லுட்டி."

மிக்ஸி வாங்க வந்த இடத்தில் அவளைப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, பார்த்து முடித்திருந்தார்கள். அந்த பிரிட்ஜ் சீர்வரிசையில் சேர்ந்தது. அவள் வெளிநாடு போகச் சாமான் வாங்குவதாக நினைத்துக்கொண்டு தன் கல்யாணச் சீரைத் தானே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

4

வேல்ராஜ் மேல் எனக்குச் சந்தேகம். அவனைக் கெட்டவனாக எழுதினால் கதை சுலபமாக நகரும். பல்லைக் குத்த வைக்கலாம், அவள் விசாவைக் கேட்க வைக்கலாம். [அவன் அவளை மேலும் கீழும் பார்த்து இளித்தபடி. அழி. அவன் அப்படிப் பார்க்கவில்லை.]

நடந்தது இது. மற்றவர்கள் பிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது அவன் அவளிடம் கேட்டான்.

"அங்க குளிரு ரொம்ப இருக்குமோ?"

"ஒங்களுக்கு எதுக்கு அது?"

அவன் முகம் மாறியது. "நீங்க சரின்னுட்டியன்னு சொன்னாவளே."

"யாரு சொன்னா?"

அவன் மாமாவின் முதுகைப் பார்த்தான். அவனையும் பொய் சொல்லித்தான் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது. அவன் மேல் இரக்கம் வரவேண்டிய இடம் இது. எனக்கு வரவில்லை. தெரிந்த பிறகும் அவன் வாயைத் திறக்கவில்லை, அது போதும்.

அவன் அம்மா திரும்பி வந்து சொன்னார். "ஒரு வருசம் முன்னப்பின்ன ஆனா என்னம்மா? கல்யாணத்த முடிச்சிட்டு ரெண்டு பேருமா சேந்து போங்க."

"என்னோட விசால யாரையும் கூட்டிட்டுப் போக முடியாது அத்தை."

"அப்பம் வேற விசா வாங்கு."

"கேட்டு வாங்கிக்கிடலாம்," என்றார் மாமா, வோல்ட் வாங்கித் தருகிற அதே நம்பிக்கையோடு. "இல்லன்னா போகாண்டாம். ஒண்ணும் கொறஞ்சு போயிராது."

போகாண்டாம். இவ்வளவு லேசாக. இரண்டு முறை எழுதிய தேர்வு, இரவல் வாங்கிப் படித்த புத்தகங்கள், தாத்தாக்களைத் தூக்கி உட்காரவைத்துப் பழகிய முதுகுவலி, எல்லாவற்றையும் ஒரு பிரிட்ஜ் கதவைச் சாத்துவதுபோலச் சாத்திவிட்டார்.

இசக்கிமணி அம்மாவைப் பார்த்தாள். முப்பிடாதி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு, மிக்ஸி படம் போட்ட அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரியுமா? இந்தக் கதையில் எனக்குத் தெரியாத முதல் விஷயம் இது.

5

கடை வாசலோரம் ஒரு ஸ்டூல். அதில் பாரூக் பாய். கையில் பேனாபோல ஒரு சின்ன மிஷின். எவர்சில்வரில் வைத்தால் கொசு காதுக்குள் போனதுபோலச் சத்தம் போட்டுக்கொண்டு பேர் வெட்டும். பேர் வெட்டிவிட்டால் கடைக்காரர் சாமானைத் திரும்ப எடுக்க மாட்டார். அதனால் பேர் வெட்டுவதுதான் எங்கள் ஊரில் கையெழுத்து.

மிக்ஸியின் பெரிய ஜார் அவர் மடியில் இருந்தது. அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"அண்ணாச்சி, இசக்கிமணிங்கது மாப்பிளயா, பொண்ணா?"

"பொண்ணு, பாய். மாப்பிள வேல்ராஜ். அவரு பேருதான் மேல வரணும்."

"மேல வெட்டியாச்சு. சீட்டுல கீழ இருக்கது மாப்பிள தம்பி பேரோன்னு ஒரு சந்தேகம். அதான் கேட்டேன்."

மேலே வெட்டியாயிற்று. இசக்கிமணி போய்ப் பார்த்தாள். பளபளவென்று இருந்த ஜாரின் வயிற்றில் வேல்ராஜ் என்று இருந்தது. 'ஜ்' மேல் புள்ளிகூட அழகாக விழுந்திருந்தது. ஜப்பானில் அவள் சட்னி அரைக்க வேண்டிய ஜார். அவள் எந்த நாட்டுக்குப் போனாலும் தினமும் காலையில் கழுவிக் கவிழ்க்க வேண்டிய பெயர்.

"பாய், அந்தப் பேர வெட்டுங்க."

"வெட்டியாச்சேம்மா."

"அதத்தான் சொல்லுதேன். வெட்டுங்க."

"நானும் அதத்தான் சொல்லுதேன். வெட்டியாச்சு. கண்ணு தெரியலயா?"

"வெட்டுன பேர வெட்டுங்கங்கேன்!"

"வெட்டுன பேரு மேல எப்படித் தாயி திரும்ப வெட்ட? ஓட்ட விழுந்துரும்லா!"

* இதைப் படிக்கிற மற்ற ஊர்க்காரர்களுக்காக ஒரு குறிப்பு. பாத்திரத்தில் பேர் வெட்டினால் பேர் வரும். ரேசன் கார்டில் பேர் வெட்டினால் பேர் போகும். அப்பா இறந்த பிறகு தாலுகா ஆபீசில் அவர் பேரை வெட்டினார்கள். வீட்டுக் குடத்தில் அவர் பேர் வெட்டியது வெட்டியபடி இருக்கிறது. இரண்டுக்கும் எங்களிடம் ஒரே சொல். அன்று தென்காசிக் கடைவீதியில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தோம், கூட்டம் கூடிவிட்டது.

[கத்திக்கொண்டிருந்தார்கள். நான் இல்லை, இசக்கிமணி. சரி. விடுங்கள். தெரிந்ததுதானே.]

மாமா வந்தார். "ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? நாலு பேரு பாக்கான். வாயப் பொத்திக்கிட்டு காருல போயி இரி."

"என்னயக் கேட்டியளா மாமா? எனக்கு வேணுமான்னு ஒரு வார்த்த கேட்டியளா?"

"ஒன்னக் கேக்கதுக்கு நீ என்ன கலெக்டரா? ஒங்கப்பன் இல்லாத வீட்ட நான் தூக்கிச் சொமக்கேன். நான் சொல்லுததுதான்."

"சொமக்கவேண்டாம். எறக்கி வையுங்க."

மாமா கை ஓங்கினார். அடிக்கவில்லை. ஓங்கியது ஓங்கியபடி நின்றது. வேல்ராஜின் அம்மா, "பிள்ளைக்கு வாய் நீளந்தான்," என்றார். வேல்ராஜ் தன் செருப்பைப் பார்த்தான். பாரூக் பாய் மிஷினை அணைத்துவிட்டு எரிச்சலோடு கேட்டார்.

"யாராச்சும் ஒருத்தரு ஒழுங்கா ஒரு முடிவச் சொல்லுங்கப்பா. எனக்கு இன்னும் மூணு வீட்டுச் சாமான் கெடக்கு. பேர வெட்டவா, வேண்டாமா?"

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசி ஓய்ந்த அந்த இடைவெளியில், காலையிலிருந்து வாயே திறக்காத முப்பிடாதி ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்தாள். ஜாரை ஒரு விரலால் தொட்டாள்.

"பேர வெட்டிருங்க, பாய்."

6

இசக்கிமணி நிற்கவில்லை. மிஷின் திரும்ப ஓட ஆரம்பித்த சத்தம் மட்டும்தான் அவளுக்குக் கேட்டது. நேராகப் போய், நின்றிருந்த குற்றாலம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

ஐந்தருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் கூட்டம் நெரிந்தது. எண்ணெய் வாசனையும் சீயக்காய் வாசனையுமாக இருந்த அந்தக் கூட்டத்துக்குள் சுடிதாரோடு புகுந்து, தலையைத் தண்ணீருக்குக் கொடுத்து, அம்மாவைத் திட்டினாள். மாமாவை அல்ல, அம்மாவை. அருவிக்குள் நின்றால் எவ்வளவு கெட்ட வார்த்தையும் பேசலாம், பக்கத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காது. எப்படியோ ஒருத்திக்குக் கேட்டுவிட்டது.

"ஏட்டி, யாரத் திட்டுத?"

"எங்கம்மைய."

"திட்டு, திட்டு. ஆனா தள்ளி நின்னு திட்டு. நீ மட்டுமா குளிக்க வந்திருக்க?"

ஈரத்தோடு வீட்டுக்கு வந்தாள். மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள் போய், நாலு பக்கமும் டேப் ஒட்டப்பட்டிருந்தது. "குளிச்சிட்டியா? சூடு தணிஞ்சுதா?" என்று கேட்டார் மாமா. அம்மா துண்டை எடுத்து இவள் தலையைத் துவட்டினாள். பலமாகத் துவட்டினாள், அது கோபமா, பாசமா, அதுவும் தெரியவில்லை.

அதன் பிறகு யாரும் அவள் முன்னால் செங்கோட்டைப் பேச்சை எடுக்கவில்லை, பயணத்தையும் தடுக்கவில்லை. கிளம்பும் நாளில் அம்மாவே மிக்ஸிப் பெட்டியை எடுத்துத் தனியே வைத்தாள். "ஓடாதுன்னியே. இங்கன கெடக்கட்டும்."

அவ்வளவுதான். மிக்ஸி ஆலங்குளத்தில் இருக்கிறது. பிரிட்ஜ் மாமா வீட்டு ஹாலில் இருக்கிறது, நீல நிறம், பொருத்தமாகத்தான் இருக்கிறது. இசக்கிமணி ஜப்பானில் இருக்கிறாள். சட்னிக்கு இங்கே கையில் பிடிக்கிற ஒரு சின்ன மிக்ஸி வாங்கிக்கொண்டாள். அதில் யாருடைய பெயரும் இல்லை.

ஆனால் அந்த ஜாரில் என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவே இல்லை. அன்று பார்த்திருக்கலாம். டேப்பைக் கிழிக்க ஒரு நகம் போதும். பயமாக இருந்தது. வீடியோ காலில் அம்மா அடுப்படியில் நிற்கும்போது பின்னால் மிக்ஸி தெரியும். ஜாரின் பேர் வெட்டிய பக்கம் எப்போதும் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும்.

7

ஆகவே முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. 'வெட்டிருங்க' என்று அம்மா சொன்னது வரவைக்கும் வெட்டு. பாய் 'வேல்ராஜ்' என்பதற்குக் கீழே 'இசக்கிமணி' என்று வெட்டினார். அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியும். ஆவணியில் நிச்சயம். இன்று காலை போட்ட கும்பிடு, சம்மதம். இதுதான் நடந்திருக்கும் என்று புத்தி சொல்கிறது. நாற்பது பேர் கூடிய இடத்தில் அண்ணன் பேச்சை அம்மா என்றைக்கு மீறியிருக்கிறாள்?

ஆ. சொன்னது போகவைக்கும் வெட்டு. பாய் அந்தப் பெயரின் குறுக்கே கோடு கோடாக இழுத்தார். ஜார் அசிங்கமாகிவிட்டது. செங்கோட்டைக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். அப்படியென்றால் மாமா ஏன் இன்னும் ஆவணி என்கிறார்? ஏனென்றால் மாமாவுக்கு வேல்ராஜ் போனால் இன்னொரு ராஜ். பெறவு என்ற சொல்லுக்குச் சாவு கிடையாது.

இ. எங்கள் வீட்டுப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். குடத்தில் அப்பா பெயர். இட்லிக் கொப்பரையில் அம்மாவின் அப்பா பெயர். அம்மா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன தூக்குச்சட்டி இன்னும் இருக்கிறது, அதில் 'அய்யாக்குட்டி'. பொழுதெல்லாம் அவற்றைத் தேய்த்தவளின் பெயர் ஒரு கரண்டியில்கூடக் கிடையாது. அன்று அம்மா 'பேர வெட்டிருங்க' என்றாள். யார் பேரை என்று சொல்லவில்லை. நான் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு பாய் கேட்டிருப்பார்: 'எந்தப் பேரம்மா?' அம்மா சொல்லியிருப்பாள்: 'முப்பிடாதி.' [அழி. சினிமாபோல இருக்கிறது. அழி. இது அழிக்காது என்று தெரியும், தெரிந்துதான் சொல்கிறேன்.]

8

எனக்கு முடிக்கத் தெரியவில்லை என்று நினைக்க வேண்டாம். என் பக்கத்து முடிவை நான் எடுத்தாயிற்று. ஆவணியில் லீவு கேட்கப்போவதில்லை. மாமா, இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியும். வோல்ட்டைக் கேட்டு வாங்க முடியாது, என்னையும்தான். சித்தி, அந்த கேக்கை நீங்களே சாப்பிடுங்கள்.

எங்கள் வீட்டில் இல்லாமல் இதைப் படிக்கிறவர்கள், எழுந்து போய் உங்கள் அடுப்படியில் கைக்குக் கிடைத்த பாத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதைத் தேய்க்கிறவள் பெயர்தானா என்று பாருங்கள். பார்த்துவிட்டு இந்தக் கதைக்கு உங்களுக்குப் பிடித்த முடிவை வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேண்டியது வேறு. நான் இங்கே தனியாக நிற்கிறேனா, இல்லை எனக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறதா? அது அந்த ஜாரில்தான் வெட்டியிருக்கிறது.

அம்மா, மிக்ஸியிலிருந்து ஜாரைக் கழற்று. சுவரைப் பார்த்திருக்கிற பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பு. கும்பிடு போடாதே. போட்டோவும் வேண்டாம். மைக்கை அமுக்கி, அதில் என்ன இருக்கிறதோ அதை உன் வாயால் படி. உன் பேச்சை இந்த போன் தப்பாகத்தான் எழுதும். எழுதட்டும், எனக்குப் புரியும்.

உனக்காக இந்த இடத்தை விட்டிருக்கிறேன்: